டாக்டர் சார், ஒரு பதில் போடுங்க!

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பி.எச்.டி. டாக்டர். ஐந்தாறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு தீஸிஸ் எழுதியவர். அவரிடம் போய், 'சார், இப்ப என்ன வேலை? சம்பளம் எவ்வளவு?' என்று ஒரு ஃபாரத்தை நீட்டிப் பாருங்கள். ஊஹூம்... பேனா தேடவே ஆறு மாசம் ஆகும்!

இந்த அவஸ்தை அமெரிக்க அரசாங்கத்துக்கே உண்டு. அங்கே டாக்டர் பட்டம் வாங்குகிற அத்தனை பேரிடமும் விவரம் கேட்கும் கணக்கெடுப்பு 1957-லிருந்து நடக்கிறது. கட்டாயம் கிடையாது. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதித் தந்துவிடுகிறார்கள். ரகசியம் என்ன? தீஸிஸ் கொடுக்கிற சமயத்தில், மற்றக் காகிதங்களோடு இதையும் பல்கலைக்கழகமே நீட்டிவிடும். பட்டம் கைக்கு வரும் நேரத்தில் யார் முரண்டு பிடிப்பார்கள்? 'நீங்கள் இருக்கும் இடம் தெரிந்த ஒருவர் விலாசம்' என்றும் ஒரு கேள்வி. (அம்மாவை விட்டால் வேறு யார்!)

வம்பு அப்புறம்தான். அறிவியல், இன்ஜினீயரிங் போன்ற துறைகளில் பட்டம் வாங்கியவர்களில் ஒரு பகுதியினரைப் பொறுக்கியெடுத்து, சில வருஷங்களுக்கு ஒரு முறை மறுபடி விசாரிப்பார்கள். 76 வயது ஆகும்வரை விடமாட்டார்கள். 1973-லிருந்து இது நடக்கிறது. ஆள் வீடு மாறியிருப்பார், வேலை மாறியிருப்பார், சிலர் தேசமே மாறியிருப்பார்கள். 1980-களில் பதில் போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வர, 1991-ல் ஒரு காரியம் செய்தார்கள். இன்னும் நிறையப் பேருக்கு அனுப்பினார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, ஆட்களைக் குறைத்தார்கள்! மிச்சமான பணத்தில், மௌனமாக இருந்தவர்களை டெலிபோனில் பிடித்தார்கள். பதில் விகிதம் கிடுகிடுவென ஏறியது.

கூட்டம் பெரிசாக இருந்தால் போதாதா? 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி ஓட்டுச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன்தான் ஜனாதிபதி என்று அடித்துச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு தினுசு, அனுப்பாதவர்கள் வேறு தினுசு!

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 100 டாக்டர்களில் 20 பேருக்கு வேலை இல்லை என்று வையுங்கள். வேலை உள்ள 80 பேரில் 60 பேர் பதில் போடுகிறார்கள். மற்ற 20-ல் 5 பேர்தான். ('வேலை கிடைக்கலை'ன்னு எழுத யாருக்கு மனசு வரும்?) வந்த 65 கடிதங்களைப் பிரித்தால், வேலையில்லாதவர் 13-க்கு ஒருவர். நிஜத்தில் ஐந்துக்கு ஒருவர்! முதல் கணக்கை நம்பித்தான் ஒரு பையன் ஐந்து வருஷத்தைப் பணயம் வைப்பான்.

வைத்தியம் உண்டு. 60 கெமிஸ்ட்ரி டாக்டர்களிடம் கேட்டு 40 பேர்தான் பதில் போட்டார்களா? ஒவ்வொருவரையும் ஒன்றரை ஆளாக எண்ணு! எல்லாம் எழுதிவிட்டுச் சம்பளக் கட்டத்தை மட்டும் காலியாக விடுகிற ஆசாமியா? அவரைப் போன்ற இன்னொருவரின் பதிலை இரவல் வாங்கிப் போடு. அடுத்த வீட்டில் காப்பிப் பொடி வாங்குகிற மாதிரி! ஆனால் மௌனசாமிகள் மற்றவர்களைப் போல இருந்தால்தான் இந்த மருந்து கேட்கும். இல்லாவிட்டால் தப்பு அப்படியேதான் இருக்கும்.

பதில் வந்தாலும் அது உருப்படியாக இருக்க வேண்டுமே? 'இப்ப என்ன வேலை?' என்றால் ஒருத்தருக்கு 'இப்ப' மார்ச், இன்னொருத்தருக்கு ஆகஸ்ட். அதனால் 2021 கணக்கெடுப்பில், 'பிப்ரவரி 1-ம் தேதி என்ன வேலையில் இருந்தீர்கள்?' என்றே கேட்டார்கள்.

அமெரிக்காவில் படித்துவிட்டு வெளிநாட்டில் வசிப்பவர்களையும் 2010-ல் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே டாக்டர் பட்டம் வாங்கும் வெளிநாட்டவரில் சீனர்களுக்கு அடுத்தபடி நம்ம ஆட்கள்தான். ஆகவே ஊர் திரும்பி வேளச்சேரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் டாக்டருக்கும் ஒரு மெயில் வரலாம். 'ஏதோ கிரெடிட் கார்டு விளம்பரம்' என்று அவர் அழித்துவிட்டால், ஒன்றரை ஆளாக ஊதிப்போவது அவருடைய பழைய கிளாஸ்மேட்தான்!