வளர்ப்பு ஆமை எழுப்பும் ஒலி: எது இயல்பு, எது நோயின் அறிகுறி?

வட இந்தியாவில் குளிர்காலம் தொடங்கியதும், வீடுகளில் வளர்க்கப்படும் ஆமைகள் பல உணவைக் குறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அவை குளிர்கால உறக்கத்தில் இருப்பதாக வளர்ப்போர் எண்ணிவிடுவது உண்டு. ஆனால் அந்த நேரத்தில் மூச்சுடன் சேர்ந்து விசில் போன்ற ஒலியோ, ‘டிக் டிக்’ என்ற ஒலியோ கேட்டால், அது உறக்கமல்ல. நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும்.

ஆமைகள் ஒலி எழுப்புமா?

ஆமைகள் பெரும்பாலும் ஓசையற்றவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு, 50 ஆமை இனங்களின் ஒலிகளைப் பதிவுசெய்து, 2022-ஆம் ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டது. அந்த இனங்கள் அனைத்துமே ஒலி எழுப்புவது அதில் தெரியவந்தது.

எனவே, ஒலி கேட்பது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. அந்த ஒலி எப்போது எழுகிறது என்பதே முக்கியம்.

இயல்பான ஒலிகள்

ஆமையைத் திடீரெனத் தூக்கும்போது ‘உஸ்’ என்ற சீறல் கேட்கும். தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் வேகமாக இழுத்துக்கொள்வதால் நுரையீரல் அழுத்தப்பட்டு, காற்று வெளியேறும் ஒலி அது. இனச்சேர்க்கையின்போது ஆண் நில ஆமைகள் உரக்க முனகும். இத்தகைய ஒலிகளுக்கு ஒரு காரணம் இருக்கும். அது நீங்கியதும் ஒலியும் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டிய ஒலிகள்

மாறாக, ஆமை அமைதியாக இருக்கும்போதும் ஒவ்வொரு மூச்சுடனும் ஒலி கேட்டால், அது மூச்சுப்பாதையில் சளி தேங்கியிருப்பதைக் குறிக்கலாம். அதனுடன் கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரை நாட வேண்டும்:

• மூக்கில் நீர் வடிதல் அல்லது குமிழி தோன்றுதல்
• கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல்
• கண் இமைகள் வீங்கி மூடியிருத்தல்
• வாய்க்குள் மஞ்சள் நிறப் படிவு
• உணவை மறுத்தல், எடை குறைதல்
• நீர்வாழ் ஆமை ஒருபக்கமாகச் சாய்ந்து மிதத்தல்

தாமதம் ஏன் ஆபத்து?

மனிதர்களுக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் ஆமைகளுக்கு இல்லை. விலா எலும்புகள் ஓட்டுடன் இணைந்திருப்பதால் மார்பும் விரிந்து சுருங்காது. ஓட்டுக்குள் இருக்கும் தசைகளின் இயக்கத்தாலேயே அவை மூச்சுவிடுகின்றன. இதனால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அவற்றால் இயலாது. சளி நுரையீரலிலேயே தங்கி, நோய் வெளியே தெரியாமல் முற்றிவிடுகிறது.

ஆமைகள் தமது உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தையே சார்ந்துள்ளன. குளிர்ந்தால் அவற்றின் நோய் எதிர்ப்பாற்றலும் குறையும். நட்சத்திர ஆமையும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்காட்டா ஆமையும் குளிர்கால உறக்கம் கொள்ளும் இனங்கள் அல்ல. அவை குளிரில் முடங்கிக் கிடந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒலி கேட்கும்போதே அதைக் கைபேசியில் காணொலியாகப் பதிவுசெய்வது நல்லது. மருத்துவமனையில் ஆமை ஒலி எழுப்பாமலே இருந்துவிடலாம். ஆமையைக் குளிர்காற்று படாத, வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும். சாய்ந்து மிதக்கும் நீர்வாழ் ஆமையை ஆழமான தொட்டியில் விடக்கூடாது. அது மூழ்கிவிடும் அபாயம் உண்டு. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபார்த்துக் குறித்து வைத்தால், நோயைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

மருத்துவர் ஆலோசனையின்றி மருந்து கொடுப்பது கூடாது. நாய், கால்நடைகளுக்குப் பயன்படும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமைகளுக்கு நஞ்சாகும். ஊர்வன சிகிச்சையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர், எக்ஸ்ரே மூலம் நுரையீரலைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பார்.

ஆமையைத் தொட்ட பின் சோப்பால் கைகழுவ வேண்டும். நலமாகத் தோன்றும் ஆமையிடமிருந்தும் சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும் என்பதால், குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய நட்சத்திர ஆமை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. அதை வீட்டில் செல்லப்பிராணியாக வளர்ப்பது குற்றம். சல்காட்டா போன்ற, சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

சட்ட நடவடிக்கைக்கு அஞ்சி நோயுற்ற ஆமையை மறைத்து வைத்தால், அது இறக்க நேரிடலாம். குளத்திலோ காட்டிலோ விட்டாலும், அங்குள்ள ஆமைகளுக்கு நோய் பரவக்கூடும். அத்தகைய ஆமை குறித்து மாநில வனத்துறைக்குத் தகவல் தெரிவித்து ஒப்படைப்பதே சரியான வழியாகும்.