'வேலை கொடுப்பவர்' யார்? – மறதியின் கணக்கும் அட்டைகளின் அரசியலும்

மார்க்சை ஜெர்மன் மொழியிலேயே வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை ஐம்பது வயதுக்கு மேல் வந்தது எனக்கு. நண்பரொருவர் என் செல்பேசியில் 'ஆன்கி' என்ற மென்பொருளை இறக்கி, யாரோ தயாரித்த நாலாயிரம் சொற்களின் அட்டைக்கட்டு ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தார். முன்பக்கம் ஜெர்மன் சொல், பின்பக்கம் ஆங்கிலப் பொருள். நாளுக்கு இருபது புதுச்சொல் வீதம் இருநூறு நாள். "அவ்வளவுதாங்க, எப்ப எதைக் கேக்கணும்னு அதுவே பாத்துக்கும்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது? 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், தன்னையே சோதனைக்கு உட்படுத்தி மறதியை அளந்து வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனம் செய்து, இடைவெளி விட்டு, திரும்ப மனனம் செய்வதில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒருநாள் கழித்து மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது. அப்படியானால் மறக்கப்போகும் தறுவாயில் நினைவுபடுத்திக்கொண்டு, இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதை ஓர் அட்டைப்பெட்டியாக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தவறியது முதல் அறைக்கே. 1987இல் போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் கணினிக்கு எழுதிய சூத்திரத்தில் முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6, பிறகு ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரை மடங்கு. 2006இல் வந்த ஆன்கி இதன் திருத்திய வடிவத்தில்தான் நெடுங்காலம் ஓடியது.

இது வேலை செய்கிறது. மறுப்பது வீம்பு. ஆனால் அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரம் தொடாமல் விட்டேன். திரும்பினால் ஆயிரத்துச் சொச்சம் அட்டை பாக்கி. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறமாதிரி இருந்தது. தீர்க்கிற அவசரத்தில் யோசிப்பது நின்றுபோனது. சொல் வரும், விரல் 'குட்' பொத்தானை அழுத்தும். அப்படி அழுத்தியவற்றில் இரண்டு: 'ஆர்பைட்கேபர்' – எம்ப்ளாயர், 'ஆர்பைட்நேமர்' – எம்ப்ளாயி.

பதினொரு மாதம் கழித்து 'மூலதனம்' முதல் தொகுதியைத் திறந்தேன். 1883இல் மூன்றாம் பதிப்புக்கு எங்கல்ஸ் எழுதிய முன்னுரையில் அதே இரண்டு சொற்கள், ஏளனத்தோடு. 'ஆர்பைட்' என்றால் வேலை, உழைப்பு. 'கேபர்' கொடுப்பவர், 'நேமர்' எடுப்பவர். காசு தந்து பிறர் உழைப்பை வாங்குகிறவனுக்குக் 'கொடுப்பவன்' என்றும், கூலிக்கு உழைப்பைத் தருகிறவனுக்கு 'எடுப்பவன்' என்றும் பெயர் வைத்த பொருளியலாளர்களின் உளறலை இந்நூலில் நுழைக்கும் எண்ணம் தனக்கில்லை என்கிறார். எங்கல்ஸ் எள்ளிய அந்தச் சொல்லாடலுக்குத்தான் நான் பதினொரு மாதமாகக் 'குட்' போட்டு வந்திருக்கிறேன்!

எபிங்ஹவுஸ் பொருளை வேண்டுமென்றே விலக்கினார்; பொருள் புகுந்தால் அளவை கெடும். சோதனைக்கு அது நியாயம். அந்த வழியில் வந்த மென்பொருளும் அட்டையில் இருப்பதை வாசிப்பதில்லை. நான் அழுத்தும் பொத்தானை மட்டுமே எண்ணுகிறது. ஆக, பொருள் முழுக்க அட்டையைத் தயாரித்தவர் கையில். எதைக் கேள்வியாக்குவது, எதைப் பதிலென்று முடிப்பது என்ற அதிகாரம் அங்கே இருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. "அவருதான் எனக்கு வேலை குடுத்தாரு" என்று நாமும்தானே சொல்கிறோம்? ஜெர்மனில் உள்ள அதே தலைகீழ் நம் வாயிலும் இருக்கிறது. நேராகத் தமிழில் பொருள் எழுதியிருந்தால் முதல்நாளே கண்ணில் பட்டிருக்கும். கொடுப்பதும் எடுப்பதும் வெளியே தெரியாத ஆங்கிலச் சொல் நடுவில் நின்று மறைத்துவிட்டது.

இப்போது அந்தக் கட்டை நிறுத்திவிட்டேன். வாசிக்கும் பக்கத்திலிருந்து நாளுக்கு ஐந்து அட்டை நானே எழுதுகிறேன், பின்பக்கம் தமிழில். சொல்லை மட்டுமல்ல, அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து. மெதுவாகத்தான் போகிறது. நம் வாசிப்பு வட்டங்களில் நாலுபேர் உட்கார்ந்து இப்படிச் சேர்ந்து எழுதிப் பார்க்கலாம். பதில் என்னவென்று சண்டை வரும், அந்தச் சண்டைதான் படிப்பு. எப்போது கேட்பது என்பதை மென்பொருளிடம் விடலாம். என்ன கேட்பது என்பதை விட முடியாது.

நான் எழுதிய முதல் அட்டையின் முன்பக்கம்: 'ஆர்பைட்கேபர் – கொடுப்பது யார்?' இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இன்னும் 'ஹார்ட்' பொத்தானைத்தான் அழுத்துகிறேன்.