என்ஜினுக்குப் பின்னால் ஒரு சாண் குழாய்

இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் நோக்கி ஏறும் மலைப்பாதையில் ஒரு பழைய பெற்றோல் கார் இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும்பொழுது, அதன் புகைக்குழாய் வழியே வெளியேறும் புகையை மட்டுமே நாம் காண்கிறோம். ஆனால் சிலிண்டருக்குள் எரிந்த வாயுவிலும், எரியாமல் எஞ்சிய பெற்றோல் ஆவியிலும் ஒரு பங்கு, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக நழுவி, என்ஜினின் அடிவயிற்றிலுள்ள எண்ணெய் அறைக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், ஏற்றம் கடினமாகக் கடினமாக அந்தக் கசிவு அதிகரிக்கிறது என்பதும் கண்ணுக்குப் புலப்படாத விஷயங்கள். அந்த வாயுவை ஒரு சிறு வால்வின் மூலம் மீண்டும் மேலே உறிஞ்சி, உள்ளே போகும் காற்றோடு கலந்து, மறுபடியும் எரியக் கொடுப்பது பெருவிரல் பருமன்கூட இல்லாத ஒரு றப்பர் குழாய்.

முற்காலத்துக் கார்களில் இது இல்லை; எண்ணெய் அறையின் ஆவி ஒரு திறந்த குழல் வழியாக நேரே தெருவிலேயே விடப்பட்டது. கலிபோர்னியாவில் அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜனங்களின் கண்களை எரியவைத்த மூட்டமானது, வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஐதரோக்காபன் ஆவி நைதரசன் ஒட்சைட்டுகளோடு சேர்ந்து சூரிய வெளிச்சத்தில் விகாரப்படுவதால் உண்டாகிறது என்று 1950களின் ஆரம்பத்தில் எடுத்துக் காட்டினார். ஒரு காரின் ஐதரோக்காபனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் அறையிலிருந்தே வருகிறது என்பது தெரிந்ததும், 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963இல் அமெரிக்கா முழுவதிலும் இந்தக் குழாய் இடம்பெற்றது. புகைக் கட்டுப்பாட்டுக்கென்று காரில் ஏறிய முதற் சாதனம் இதுவே.

நம் இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், இருக்கிற பழைய காரைப் பேணிக்கொள்வதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. 2008இல் ஆரம்பமான திட்டத்தின்படி, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடந்தோறும் புகைப் பரிசோதனையில் சித்தியடையவும் வேண்டும். சென்ற வருஷம் என் கார் அதில் தவறியது. காபன் மோனொட்சைட்டு அளவோடு இருந்தது. ஐதரோக்காபன் மட்டும் மிதமிஞ்சி நின்றது. நின்றபடி ஓடும்போது குளிர்சுரம் கண்டவனைப்போல் என்ஜின் நடுங்கியது. பொனட்டைத் திறந்தால் பின்பக்கத்திலிருந்து பாம்பின் சீறலைப்போல் ஓர் ஓசை. குழாயில் விரிசல் விழுந்து, கணக்கில் சேராத காற்று அதன் வழியே புகுந்து, பெற்றோல் போதாத கலவை சரிவரப் பற்றாமல், எரியாத ஆவியாகவே வெளியேறிக்கொண்டிருந்தது.

"கை போகாத இடம் சேர், ஒரு போல்ட்டை வெச்சு அடைச்சிடலாம்" என்றார் முதலில் பார்த்தவர். பலரும் செய்கிற காரியந்தான். ஆயினும் ஓர் என்ஜினுக்குச் செய்யக்கூடிய துரோகங்களில் இதைவிடப் பெரியவை சொற்பம் என்பதே என் அபிப்பிராயம். போக்கிடமற்ற வாயு அழுத்தமாகத் திரண்டு, எண்ணெய் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு கசியும். வெளியேற முடியாத ஈரம் எண்ணெயோடு கலந்து, மூடியின் அடியில் வெண்ணெய்போல் படியும். நாளடைவில் எண்ணெய் சேறாகும்.

உக்குவளையில் ஒரு வயோதிக பாஸ் அந்தக் குழாயை மாற்றித் தர இசைந்தார். அரைநாள் வேலை. என்ஜின் முற்றாக ஆறிய பின்னர் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்துவிட்டு, திறந்த வாயில் ஒரு துணியைத் திணித்தார். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் என்ஜினையே பிரிக்க நேரும். உள்ளிழுப்புக் குழலின் அடியில் வளைந்து கிடந்த பழைய குழாயை நான் ஆவலோடு பற்றி இழுக்கப் போனபோது தடுத்தார். "இழுக்காதீங்க சேர், திருகுங்க. இழுத்தா குழாய் வராது, மூக்குத்தான் ஒடிஞ்சு வரும்." திருகியும் அசையாததால், உலோக மூக்கில் கீறல் படாதபடி பிளேட்டால் நீளவாக்கில் கிழித்து உரித்தார். வெளியே வந்த துண்டு கருப்பட்டியைப்போல் இறுகி, விரலில் நொறுங்கியது.

புதுக்குழாய் வாங்குவதில்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கன்றுகளிலிருந்து பரவி, மாத்தளைச் சரிவுகளிலும் பால் வடிக்கின்ற இயற்கை றப்பர், டயருக்கு உகந்ததே ஆயினும், எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும் சுபாவம் உடையது. தண்ணீர்க் குழாயாக விற்கும் றப்பரும் எண்ணெய் ஆவிக்கு ஈடுகொடாது. எண்ணெயைத் தாங்கும் செயற்கை றப்பரில், அந்த மாதிரிக் காருக்கென்றே வளைவோடு வார்க்கப்பட்ட குழாய்தான் வேண்டும். நேர்குழாயை வளைத்துச் செருகினால் வளைவில் மடிந்து வழி அடைபடும். பாஸ் அதன் உள்வாயில் ஒரு சொட்டு என்ஜின் எண்ணெயைத் தடவி, நீள்மூக்குக் குறட்டால் ஏற்றி, கிளிப்பை இறுக்கினார். வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே கலகலவென்று அசைகிறதா என்று கேட்டுவிட்டே மறுபடி பொருத்தினார். சீறல் நின்றது, மறுவாரப் பரிசோதனையில் கார் சித்தியடைந்தது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது இந்தக் குழாயை ஒரு தரம் விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இல்லாமல் கெட்டிப்பட்டிருந்தால், எத்தனை சிரமமானாலும் மாற்றிவிடுங்கள். போல்ட் வைத்து அடைக்க மட்டும் யாருக்கும் இணங்காதீர்கள்.