நூற்றில் 28

1962 மார்ச் 2, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஹெர்ஷி என்ற சிற்றூர். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸும் நியூயார்க் நிக்ஸும் மோதிய கூடைப்பந்து ஆட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 4,124 பேர். டிவி ஒளிபரப்பு இல்லை. அன்றைக்குத்தான் வில்ட் சேம்பர்லின் தனியாளாக 100 புள்ளி குவித்தார். ஆட்டம் முடிந்ததும் அணியின் விளம்பரப் பொறுப்பாளர் ஹார்வி போலாக் ஒரு தாளில் ‘100’ என்று கிறுக்கி அவர் கையில் கொடுத்தார். அந்தத் தாளோடு அவர் இருக்கும் புகைப்படமும் வானொலி வர்ணனையின் ஒரு பகுதியும் அந்த இரவின் மிச்சம்.

இப்படி ஒரு எண்ணிக்கை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சாத்தியமே இல்லை. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்ற கணக்கு 19-18. தனிநபர் கணக்கு அல்ல, மொத்த ஸ்கோரே அதுதான்! பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். கேட்க விதி இல்லை. 1954-ல் சைரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடைக்கு எறிகின்றன. 48 நிமிடம் என்றால் 2,880 விநாடி. வகுத்தால் 24. அதற்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியோடு நடந்த ஹெர்ஷி ஆட்டத்தில் ஸ்கோர் 169-147.

சேம்பர்லினின் உயரம் ஏழடி ஓரங்குலம். அவரைத் தடுக்க வேண்டிய டேரல் இம்ஹாஃப், இருபது நிமிடம் ஆடுவதற்குள் ஃபவுல் கணக்கு நிறைந்து வெளியேறினார். பாதி ஆட்டத்தில் சேம்பர்லினின் புள்ளிகள் 41, மூன்றாம் கால்பகுதி முடிவில் 69. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். வில்ட் கைக்குப் பந்து போகாமலிருக்க நிக்ஸ் மற்ற வாரியர்ஸ் வீரர்களை ஃபவுல் செய்தது. பந்தைத் திரும்பப் பெற வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தது. வெற்றி தோல்வியை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. 46 விநாடி மீதமிருக்கையில் ஜோ ரக்லிக் கொடுத்த பந்தைக் கூடைக்குள் போட்டார் வில்ட். நூறு!

எல்லோரும் அந்த நூறையே பேசுவார்கள். என் கண் 28-இல் நிற்கிறது. கூடைகள் 36, கூடைக்கு இரண்டு புள்ளி வீதம் 72. அவர்கள் ஆடிய லீகில் மூன்று புள்ளிக் கோடு அப்போது கிடையாது. மிச்சம் 28-உம் ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் வந்தது. 32 வாய்ப்பில் நான்கைத்தான் தவறவிட்டார். யார்? வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று தவறவிட்ட ஆள்!

காரணம், அந்த சீசனில் அவர் எறிந்த விதம். பந்தை இரு கைகளாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, கீழிருந்து மேலே வீசினார். பந்து மெதுவாக வளைந்து போய் விழும். பாட்டி வீச்சு என்று கேலி செய்யப்படும் முறை அது. பின்னாளில் ரிக் பேரி அதே முறையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் போட்டுக் காட்டினார்.

வில்ட் அதைக் கைவிட்டார். தலைக்கு மேலிருந்து எறியும் வழக்கத்துக்கே திரும்பினார். 1967-68 சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ வெற்றி நூற்றுக்கு 38-ஆக இறங்கியது. கீழிருந்து எறியும்போது கூச்சமாக இருந்தது என்று பிறகு சுயசரிதையில் எழுதினார். தான் செய்தது தவறு, சிறந்த எறியாளர்கள் சிலர் அப்படித்தான் எறிந்தார்கள் என்பதும் தெரியும், ஆனாலும் தன்னால் முடியவில்லை என்று அதிலேயே ஒப்புக்கொண்டார்.