மாறிலியை மறந்த மாணவி

‘2 எக்ஸைத் தொகையிடுக’ என்பது கேள்வி. மாணவி ‘எக்ஸ் வர்க்கம்’ என்று எழுதி, மாறிலியை விட்டுவிடுகிறாள். நல்ல கணக்கு ஆசிரியர் இதை முழுத் தவறு என்று அடித்துவிட மாட்டார். மாறிலி எங்கே என்று ஓரத்தில் எழுதி, கொஞ்சம் மதிப்பெண் குறைப்பார். கணினித் தேர்வில் இந்தப் பரிவுக்கு இடமுண்டா? உண்டு, அதற்கான செருகுநிரல் இருந்தால்.

மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய மூடில் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருள் 2002இல் முதல் பதிப்பாக வெளிவந்தது. அதன் தேர்வுப் பகுதிக்குக் கணிதம் தெரியாது. கேள்வியைக் காட்டும், விடையை வாங்கிச் சேமிக்கும்; மதிப்பெண் எவ்வளவு என்பதை அந்தந்தக் கேள்வி வகைக்குரிய செருகுநிரலிடம் கேட்டுக்கொள்ளும். செருகுநிரல் என்பது ஒரு கோப்புறைதான். உரிய இடத்தில் வைத்தால், மூடில் அதன் பதிப்பு எண்ணைப் படித்து, தரவுத்தளத்தில் வேண்டிய அட்டவணைகளை அமைத்துக்கொள்கிறது. பிறகு கேள்வி வகைகளின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தெரியும். அந்த வகையில் ஒரு கேள்வி இருந்தாலும் செருகுநிரலை நீக்க மூடில் விடாது. இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பிறந்த கோட்ரன்னர் என்ற செருகுநிரல், மாணவர் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்தே மதிப்பெண் தரும். கணிதத்துக்கு இருப்பது ஸ்டாக். பிரிட்டனில் கிறிஸ் சாங்வின் 2004இல் தொடங்கிய பணி இது. ஸ்டாக்கும் தனியாகக் கணக்குப் போடுவதில்லை. மேக்சிமா என்ற இயற்கணித மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. மேக்சிமாவின் மூதாதை 1960களில் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது. மாணவி தட்டச்சு செய்ததைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்று ஸ்டாக் முதலில் காட்டுகிறது. அடைப்புக்குறி விட்டுப்போனதற்காக மதிப்பெண் போகாது. விரித்து எழுதினாலும் காரணிப்படுத்தி எழுதினாலும் இரண்டும் சமம் என்று அதற்குத் தெரியும்.

ஆனால் எந்தப் பிழைக்கு எவ்வளவு குறைப்பது, என்ன சொல்லித் திருத்துவது என்பதெல்லாம் ஆசிரியர் கிளை கிளையாக எழுதிவைப்பது. வகையிட்டால் 2 எக்ஸ் வருகிறதா? வந்தால் மாறிலி இருக்கிறதா? அனுபவமுள்ள ஆசிரியரின் கிளைகள் அடர்த்தியாக இருக்கும். அவரும் எதிர்பாராத பிழை தேர்வுக்குப் பின் கண்ணில் பட்டால், அதற்கொரு கிளை சேர்த்து எல்லா விடைகளையும் மறுபடி திருத்தச் சொல்லலாம்.