பவர் பேங்க்: எந்த எண்ணை நம்புவது?

பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது. செல்போன் பேட்டரி 5,000. இரண்டு முறை முழுதாகச் சார்ஜ் ஏறும் என்று வாங்கினால், ஒன்றரை முறைக்கே திணறுகிறது. ஏமாந்துவிட்டோமா?

அவசரப்பட வேண்டாம். 10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கொள்ளளவு. செல்லை முழுதாக ஏற்றி, குறைந்த மின்னோட்டத்தில் ஒரே சீராக வடியவிட்டு அளப்பது அது. செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி. யூஎஸ்பி வழியே வெளிவருவதோ 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 எம்ஏஎச். வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட்டில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் சுமார் 6,000 முதல் 6,500 வரை மிஞ்சும். நேர்மையான நிறுவனங்கள் இதை 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடுகின்றன. ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. 18650 எனப்படும் உருளை செல்லில் நல்ல ரகமே ஏறக்குறைய 3,500 எம்ஏஎச்தான். 9,900 என்று லேபிள் ஒட்டி விற்பது அப்பட்டமான பொய். 20,000 எம்ஏஎச்சுக்கு இப்படி ஆறு செல்லாவது வேண்டும். செல்களே 280 கிராம் வரும். மொத்தமே 150 கிராம் என்றால் வாங்காதீர்கள்.

மட்டமான செல்லும் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத பலகையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இந்தியாவில் பவர் பேங்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். பவர் பேங்கில் உள்ள 'ஆர்' என்ற பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அந்தப் பதிவு பாதுகாப்புக்கானது. கொள்ளளவுக்குச் சாட்சி அல்ல. உப்பிய பவர் பேங்கைச் சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் வீசாதீர்கள். மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

ரேட்டட் அளவே கிடைக்கவில்லையா? யூஎஸ்பி மீட்டரை இடையில் செருகி, வெளிவரும் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில், பெட்டி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் பத்திரம். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.