அச்சிலிருந்து இணையத்திற்கு: கலைக்களஞ்சியமும் மாணவரும்

மதுரைக்கும் கலைக்களஞ்சியத்திற்கும் உள்ள உறவு நூறாண்டுகளைக் கடந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’யை 1910இல் வெளியிட்டது. புலவர், அரசர், ஊர், புராணம் எனப் பல்வகைச் செய்திகளை அகரவரிசையில் தரும் அந்நூல், தனியொருவரின் பல்லாண்டு உழைப்பால் உருவானது. அதன் விரிவான இரண்டாம் பதிப்பு, தொகுத்தவர் மறைந்த பின்னர் 1934இல்தான் வெளிவந்தது. ஒரு பிழை திருந்தவும் ஒரு புதுச்செய்தி சேரவும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. துறை வல்லுநர்கள் எழுதிய கட்டுரைகளைப் பதிப்புக் குழுவினர் செப்பம் செய்தனர்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இம்முறையை மாற்றியது. இதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். தன்னார்வலர் உழைப்பால் இன்று ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் இதில் உள்ளன.

இதன் பயனையும் இடரையும் மதுரைக்கு அருகிலுள்ள கீழடியைக் கொண்டே விளக்கலாம். அங்குக் கிடைத்த சான்றுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பழமையுடையவை எனத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் இச்செய்தி இராது. இணையக் கலைக்களஞ்சியத்திலோ அன்றே சேர்க்க இயலும். ஆயின், சான்றின்றி அக்காலத்தை மேலும் ஆயிரம் ஆண்டுகள் முன்தள்ளி எழுதவும் ஒருவரால் இயலும். பிறர் கண்டு நீக்கும்வரை அப்பிழை உண்மைபோலவே தோன்றும். இடையில் அதனைப் படியெடுத்த மாணவரின் கட்டுரையிலோ அது திருந்தாமலே தங்கிவிடும்.

ஆகவே, படிக்கும் முறை அறிதல் வேண்டும். கட்டுரையின் இறுதியிலுள்ள மேற்கோள்களை முதலில் நோக்க வேண்டும். ‘சான்று தேவை’ என்னும் குறிப்புள்ள செய்தியை ஐயத்துடன் அணுக வேண்டும். ‘வரலாறு’ பகுதி யாது, எப்போது மாற்றப்பட்டது என்பதைக் காட்டும். ‘உரையாடல்’ பகுதி கருத்து வேறுபாடுகளை உணர்த்தும். கலைக்களஞ்சியம் தேடலின் தொடக்கமேயன்றி முடிவன்று. அது சுட்டும் மூலநூலைக் கண்டு, தம் சொற்களில் எழுதுவதே கற்றலாகும்.

மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்கள் இத்தேடலுக்குத் துணைபுரிகின்றன. திரையில் கண்ட செய்தியை ஐயுற்று நூலகம் செல்லும் மாணவர், உரிய நூலின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பி அதனைக் கட்டுரையில் சான்றாகச் சேர்க்கும்போது, அடுத்துப் படிப்போருக்கு அச்செய்தி உறுதி பெறுகிறது. அன்று ஒருவர் தனித்துச் சுமந்த பணியில் அவரும் பங்கேற்கிறார்.